ஓடும் தம்பிக்கு எந்த வில்லை?

"ஆடாம நில்லுங்க மகன்!" என்று உம்மா அதட்டி எடுத்த படத்தில் இருப்பது என் மூன்று வயதுத் தம்பி அல்ல, பயந்துபோன வேறொரு பிள்ளை. ஓட விட்டு எடுத்தால் படம் கலங்கிவிடுகிறது. வெளிநாட்டில் உழைக்கும் வாப்பாவோ அவன் வளர்வதைப் படங்களில்தான் காண்கிறார்.

தூரத்தைக் கிட்டவாக்கும் பெரிய சூம் வில்லை வாங்கினால் சரி என்கிறார்கள் பலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. வீட்டுக்குள் நமக்குத் தடையாக இருப்பது தூரமல்ல, வெளிச்சக் குறைவு. கமராவோடு வரும் சாதாரண வில்லை, சூம் செய்தால் எப் 5.6 அளவுக்கே திறக்கும். 50 மி.மீ. எப் 1.8 வில்லை அதைவிட ஏறத்தாழ 10 மடங்கு ஒளியை உள்ளே விடும். அதனால் 1/50 செக்கன் தேவைப்பட்ட படத்தை 1/500 செக்கனில் எடுக்கலாம்; ஓடும் கால்களும் தெளிவாக விழும். சிறிய அறையென்றால் 35 மி.மீ. வசதி.

இவற்றில் சூம் இல்லை. நாம்தான் கிட்டப் போக வேண்டும், தரையில் குந்த வேண்டும். அதைக் குறையென்று நான் சொல்லமாட்டேன். பெற்றோரே, படத்துக்காகப் பிள்ளையை நிறுத்தாதீர்கள். வாப்பா காண ஆசைப்படுவது அவனுடைய ஓட்டத்தைத்தான்.