தலையை எண்ணுங்கள், தடத்தை அல்ல

"குற்றமில்லாதவனுக்கு ஏன் பயம்?" கையடக்கத் தொலைபேசியின் அலைகளைக் கொண்டு பிரயாணிகளைப் பின்தொடர்வது பற்றிப் பேச்செழுந்தால் நண்பர்கள் என்னிடம் கேட்பது இதைத்தான்.

பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. லண்டன் சுரங்க ரயில் நிலையங்கள் 54இல் 2016 நவம்பர் 21 முதல் நான்கு வாரங்கள் இதைச் செய்து பார்த்தார்கள். வைஃபையைத் தேடும் தொலைபேசி ஓர் இலக்கத்தை வெளியிடும். நிலையத்துக் கருவி அதைக் குறித்துக்கொள்ளும். கிங்ஸ் குரோஸிலிருந்து வாட்டர்லூவுக்கு மக்கள் குறைந்தது 18 வழிகளில் போகிறார்கள் என்பது அப்படித்தான் தெரியவந்தது. 2019 ஜூலையில் அது நிரந்தர ஏற்பாடானது. இங்கேயும் லேர்ன்ஏசியா நிறுவனம் தொலைபேசிப் பதிவுகளைக் கொண்டு கொழும்பின் போக்குவரத்தை ஆராய்ந்தது. முள்ளியவளையில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் எனக்கும் அத்தகைய கணக்கு வேண்டும்தான்.

ஆனால், "பெயரை நீக்கிவிட்டோம்" என்ற சமாதானம் வேண்டாம். 15 இலட்சம் பேரின் 15 மாதத் தொலைபேசிப் பதிவுகளை ஆராய்ந்து 2013இல் வெளியான கட்டுரை, இடமும் நேரமும் சேர்ந்த நான்கு புள்ளிகள் போதும், 95 வீதமானோரைத் தனித்துப் பிரித்துவிடலாம் என்றது. வெள்ளிதோறும் ஜும்ஆ நேரத்தில் பள்ளிவாசலில் நிற்கும் தொலைபேசிக்குப் பெயர் எதற்கு? தொழுகை நேரம் காட்டும் 'முஸ்லிம் புரோ' செயலி, எக்ஸ்-மோட் என்ற தரகருக்கு இடத்தகவல் அனுப்பியதும், அமெரிக்க இராணுவ ஒப்பந்தக்காரர்கள் அத்தரகரின் வாடிக்கையாளர்களாக இருந்ததும் 2020 நவம்பரில் அம்பலமாயின. கிப்லா பார்க்கத்தானே அதை வைத்திருந்தோம்?

நண்பர்களுக்கு என் பதில் இதுதான்: குற்றம் எதுவென்று தீர்மானிப்பவன் மாறிக்கொண்டே இருக்கிறான். 1990 ஒக்டோபரில் வடக்கில் முஸ்லிமாக வாழ்ந்ததே குற்றமாயிற்று. 2019 ஏப்ரலுக்குப் பின் வீட்டிலிருந்த அரபுப் புத்தகம் சந்தேகப் பொருளாயிற்று. இன்று நல்லெண்ணத்தோடு சேகரிக்கும் பதிவு, நாளை யார் கையில் இருக்கும்?

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சமய நம்பிக்கையை விசேட வகைத் தரவாகக் கொள்கிறது. நடமாட்டப் பதிவையும் அதே கண்கொண்டு பாருங்கள். எண்ணுவதாயின் பஸ் நிலையத்தில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வையுங்கள். எத்தனை பேர் என்ற தொகையை எடுத்துக்கொண்டு, தொலைபேசி இலக்கங்களை அன்றே அழியுங்கள்.

பஸ் விட எங்கள் தொகை போதும். தடம் எதற்கு?