நூறு சதவிகிதமும் ஒரு வாராக்கடனும்

என் மச்சான் (மனைவியின் அண்ணன். ஆகவே எதிர்த்துப் பேச முடியாது) போன வருஷம் மகனோடு சிதம்பரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினார். பையன் பத்தாவதில் 312. கடலூரிலிருந்து பஸ்ஸில் வந்த வழியெல்லாம் பள்ளிக்கூட பேனர்களாம். எல்லாவற்றிலும் '100 சதவிகிதத் தேர்ச்சி'.

"மாப்ளே, நீங்க பி.காம். கணக்குப் பார்த்து எந்த ஸ்கூல் தேவலைன்னு சொல்லுங்க."

பி.காம். படித்ததற்காக என்னை யாரும் மதித்ததில்லை. கல்யாண வீட்டில் மொய் எழுத உட்கார வைப்பார்கள், அவ்வளவுதான். உற்சாகமாகிவிட்டேன்.

"மச்சான், லாபம் பார்க்க இறுதிச் சரக்கிருப்பு மட்டும் போதாது. தொடக்கச் சரக்கிருப்பும் தெரியணும். 480 வாங்கின பையன்களாகப் பொறுக்கிச் சேர்த்து, ரெண்டு வருஷம் கழித்து நல்ல மார்க்கோடு அனுப்புவது என்ன சாமர்த்தியம்? அது குடோன் வேலை. முந்நூறு வாங்கினவனைத் தேற்றி அனுப்பினால் அதுதான் வியாபாரம்!"

மச்சான் தலையாட்டினார். நான் நிறுத்தவில்லை.

"அப்புறம் வாராக்கடன். தேறாது என்று தோன்றுகிற பையனின் அப்பாவைக் கூப்பிட்டு, 'வேற ஸ்கூல் பாருங்களேன்' என்று டி.சி.யைக் கையில் கொடுத்துவிடுவது. மிச்சம் இருப்பவர்கள் அத்தனை பேரும் பாஸ். முதலில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று எந்த பேனராவது சொல்கிறதா? 2017-ல் அரசாங்கமே மாநில ராங்க் அறிவிப்பதை நிறுத்திவிட்டது. பேனர்காரர்கள்தான் நிறுத்தவில்லை."

அதுவரை பேசாமல் இருந்த பையன் நிமிர்ந்தான்.

"என்னையும் அப்படித்தான் மாமா அனுப்பிட்டாங்க."

என் ஜோக் தொண்டையில் நின்றது. மச்சான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சாயங்காலம் பையனை ஓமக்குளம் பக்கம் நடத்திக் கூட்டிப் போனேன். நந்தனார் பள்ளியைக் காட்டினேன். 1916-ல் சுவாமி சகஜானந்தர் தொடங்கியது. சாதியைச் சொல்லிப் படிப்பை மறுத்த காலத்தில், ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கென்றே ஆரம்பித்தார். பிற்பாடு சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்து, 1959-ல் காலமானார். அவர் வைத்த விளக்கு நூறு வருஷம் தாண்டியும் எரிகிறது.

"ஊரே பூஜ்யம்னு எழுதி வெச்ச பிள்ளைங்களை வெச்சு ஆரம்பிச்ச பள்ளிக்கூடம்டா இது. இதோட லாபத்தை எந்த பேனர்ல எழுத முடியும்?"

அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் திரும்பும்போது முன்னால் நடந்தான்.

மறுநாள் மூன்று பேரும் பக்கத்தில் உள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளிக்குப் போனோம். நோட்டில் நடுவே கோடு போட்டேன்.

இடது பக்கம், பொறுப்புகள்: கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. கெமிஸ்ட்ரி லேப் சாவியைக் கால் மணி நேரம் தேடினார்கள். மழைக்காலத்தில் மைதானம் குளமாகிவிடும். 2015 வெள்ளத்தின் கறை சுவரில் அப்படியே இருக்கிறது.

வலது பக்கம், சொத்துகள்: போட்டித் தேர்வு எழுதி வந்த வாத்தியார்கள். சைக்கிளில் போகும் தூரம். லைப்ரரி திறந்திருந்தது, உள்ளே பிள்ளைகளும் இருந்தார்கள். வருகைப் பதிவேட்டைக் கேட்டதும் தயங்காமல் காட்டினார்கள். ஒன்பதாவதில் இருந்த பெயர்கள் பத்தாவதிலும் இருந்தன. ஒன்றுதான் குறைந்தது. அந்தப் பையன் அப்பாவோடு திருப்பூர் போய்விட்டானாம்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. தலைமையாசிரியை எடுத்த எடுப்பில் மார்க் கேட்கவில்லை. "உனக்கு என்ன குரூப் பிடிக்கும் தம்பி?" என்றார்.

பையன் என்னைப் பார்த்தான். பிறகு, "காமர்ஸ், டீச்சர்."

வெளியே வந்ததும் மச்சான் காதோரம் கேட்டார்: "லாபமா நஷ்டமா, மாப்ளே?"

"ரெண்டு வருஷம் பொறுங்க. மார்ச்சில்தான் கணக்கை முடிப்பாங்க."

பையனைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. எப்படியும் அடுத்த கல்யாணத்தில் மொய் எழுத எனக்குத் துணைக்கு ஆள் கிடைத்தாயிற்று!