படலையில் வந்து நிற்கும் சோலர் வியாபாரம்

அறுவடை முடிந்து நெல் விற்ற காசு கையில் வரும் நாட்களில் எமது கிராமங்களுக்குள் மோட்டார் சைக்கிள்கள் கூடுதலாக வருவதை நாம் எல்லோரும் அவதானித்திருப்போம். தையல் மெசின் விற்பவர், கதிரை விற்பவர், கிழமைக் கடன் கொடுப்பவர் என்று வந்தவர்களோடு சோலர் விற்பவர்களும் சேர்ந்துவிட்டார்கள்.

வெளிச்சம் வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. 2022 ஆகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து ஒரே தடவையில் 340 ரூபாவாக ஏறியது. குப்பி விளக்கில் பிள்ளைகளைப் படிப்பித்த வீடுகள் பட்ட பாடு எமக்குத் தெரியும். அதே மாதம் மின்கட்டணமும் சராசரியாக 75 சதவீதம் கூடியது. ஆகவே வெயிலுக்கு மாறுவோம் என்று ஒரு குடும்பம் நினைப்பதில் தவறில்லை. அந்த நியாயமான எண்ணத்தைப் பிடித்துக்கொண்டுதான் வியாபாரம் நடக்கிறது.

மீளக்குடியேறிய ஒரு தாயின் வீட்டில் நடந்ததைச் சொல்கிறோம். கணவர் வயலில். வந்த இளைஞர் இரண்டு மணித்தியாலம் எழும்பவில்லை. "தம்பி, அவர் வயலாலை வரட்டும், கேட்டுச் சொல்லுறன்" என்று அவர் சொல்லிப் பார்த்தார். "இண்டைக்கு மட்டுந்தான் அக்கா இந்த விலை. பக்கத்து வீட்டு அக்காவும் எடுத்திட்டா" என்று பதில் வந்தது. பக்கத்து வீட்டிலும் இதே கதையைத்தான் சொல்லியிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. முற்பணத்துக்குச் சங்கிலி அடகு போனது. ஒப்பந்தம் அவருக்கு விளங்காத மொழியில் இருந்தது. இரண்டாவது மாரியில் பற்றரி படுத்துவிட்டது. விற்றவர் வேறு கம்பனிக்குப் போய்விட்டார். தவணை அறவிட வருபவர் மட்டும் மாதம் தவறாமல் வருகிறார்.

'20 வருட உத்தரவாதம்' என்று சொல்வது பெரும்பாலும் தகட்டுக்கு மட்டுமே. ஈய அமில பற்றரி நன்றாகப் பார்த்தாலும் மூன்று முதல் ஐந்து வருடம்தான் உழைக்கும். வாகன பற்றரியைக் கொண்டுவந்து பூட்டினால் அதற்கு முன்பே போய்விடும். தவணை முடியுமுன் பற்றரி முடிந்தால் புதிய பற்றரிக்கு யார் காசு கொடுப்பது? 50 வாற்று தகடு ஒன்று நல்ல வெயில் நாளில் தருவது ஏறக்குறைய கால் யூனிற்தான். சில விளக்குகள், ஒரு ரேடியோ, கைத்தொலைபேசி சார்ஜ் ஆகியவற்றுக்கு அது போதும். கிணற்று மோட்டார் அதில் ஓடாது. கார்த்திகை, மார்கழி மழையில் அதுவும் குறையும்.

மின்சார சபைக்கு மின்சாரத்தை விற்று மாத வருமானம் எடுக்கலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள். 2016இல் அரசாங்கம் ஆரம்பித்த கூரைச் சோலர் திட்டத்தில் முதல் ஏழு வருடங்களுக்கு யூனிற்றுக்கு 22 ரூபா என்று இருந்தது. புதிதாகச் சேர்பவர்களுக்கான விலை பிறகு பல தடவை மாறியிருக்கிறது. பழைய விலையைக் காட்டிப் புதிய கடனை விற்க வருபவரிடம், இன்றைய விலையைக் கடதாசியில் எழுதித் தரச் சொல்லுங்கள். இன்னும் உறவினர் காணியில் கொட்டில் போட்டிருக்கும் குடும்பங்கள், மீற்றர் யார் பெயரில் இருக்கிறது, நாளை சொந்தக் காணிக்குப் போனால் இந்தத் தகடுகளை என்ன செய்வது என்பதையும் முதலில் யோசிக்க வேண்டும்.

இது எமது நாட்டு நோய் மட்டுமல்ல. பிரித்தானியாவில் வீடு வீடாகப் போய், மின்சாரக் கம்பனியை மாற்றினால் காசு மிச்சம் என்று பிழையான கணக்குச் சொன்ன ஒரு பெரிய நிறுவனத்துக்கு 2013இல் 1 கோடியே 5 இலட்சம் பவுண் தண்டம் விதித்தார்கள். லண்டனில் உள்ள உங்கள் உறவினரைக் கேட்டுப் பாருங்கள், கதை சொல்வார்கள்.

எங்களிடமும் ஒரு பலவீனம் உண்டு. வீடு தேடி வந்தவரை வெறும் முகத்தோடு அனுப்ப மனம் வராது. தேத்தண்ணி கொடுங்கள், அது எமது பண்பு. கையொப்பத்தை அன்றைக்கே கொடுக்காதீர்கள். அடையாள அட்டையையும் கொடுக்காதீர்கள். அந்தத் தம்பியைத் திட்டவும் வேண்டாம். அவரும் ஒரு ஏழை வீட்டுப் பிள்ளைதான், விற்றால்தான் அவருக்குக் கொமிஷன். கொடுத்த காசுக்குப் பற்றுச்சீட்டு கேளுங்கள், கேட்டால் தர வேண்டியது அவர் கடமை. ஏமாற்றப்பட்டால் நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் சொல்லலாம். எழுத்து மூல முறைப்பாட்டை வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். தவணைக்காரர் முதல் சில மாதம் இனிமையாகப் பேசுவதால் பலர் இந்தக் காலத்தைத் தவற விடுகிறார்கள்.

ஒரு கிராமத்தில் மாதர் சங்கத்தினர் வேறு வழி எடுத்தார்கள். வந்த மூன்று விற்பனையாளர்களிடமும், ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வந்து எல்லோர் முன்னும் சொல்லுங்கள் என்றார்கள். ஒருவர்தான் வந்தார். பற்றரி பழுதானால் யார் வருவார், எத்தனை நாளில் வருவார் என்று தமிழில் எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தார். அவரிடம் ஆறு குடும்பங்கள் வாங்கின.