குல்லா முதல் ஹெல்மெட் வரை

"தொப்பிக்கெல்லாம் ஒரு குறிப்பா?" என்று சிரிக்காதீர்கள், சகோதரிகளே. குழந்தையின் கம்பளிக் குல்லா, பெரியவர்களின் மங்கி குல்லா, பையனின் என்.சி.சி. தொப்பி, கழனிக்குப் போட்டுப் போகும் ஓலைத் தொப்பி, ஹெல்மெட் என்று எங்கள் உத்திரமேரூர் வீட்டில் எண்ணினால் ஒன்பது தேறுகிறது! ஒவ்வொன்றுக்கும் பக்குவம் வேறு.

கம்பளி: அந்துப்பூச்சியின் புழு கம்பளியைத்தான் தின்னும், அதிலும் வியர்வை, எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் முதலில் அங்கேதான் துளை போடும். ஆகவே பனிக்காலம் முடிந்ததும் துவைக்காமல் உள்ளே வைக்கக் கூடாது. பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரில் மெதுவாக அலசுங்கள். முறுக்கிப் பிழிய வேண்டாம். துண்டில் சுற்றி அழுத்தி ஈரத்தை எடுத்து, கவிழ்த்த செம்பின்மேல் மாட்டி நிழலில் உலர்த்தினால் வடிவம் கெடாது. பிறகு காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து, கூடவே போட்டு டப்பாவில் இறுக மூடி வையுங்கள். மாதம் ஒருமுறை எடுத்து உதறிப் பாருங்கள்.

குழந்தைத் துணியில் மட்டும் அந்துருண்டை கூடவே கூடாது. என் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தபோது, என் மாமியார் பெட்டியிலிருந்து பழைய குல்லா ஒன்றை எடுத்தார். வாடை மூக்கைத் துளைத்தது. "இதுலதாம்மா உன் பிள்ளைங்களும் வளர்ந்துதுங்க" என்றார். நான் விடவில்லை. காரணம் இதுதான். ஜி-6-பி-டி என்ற நொதி ரத்தத்தில் பிறவியிலேயே குறைவாக உள்ள சிசுக்கள் உண்டு. அந்துருண்டையின் நாப்தலின் வாடை சேர்ந்தால் அவர்களுக்குச் சிவப்பணுக்கள் சிதையும். மஞ்சள் காமாலை கடுமையாகி மூளையையும் பாதிக்கலாம். எந்தக் குழந்தைக்கு அந்தக் குறை என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. கண், தோல் மஞ்சளித்தாலோ, சிறுநீர் கறுத்துப் போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இன்னொன்று: நாடா வைத்த குல்லாவோடு குழந்தையைத் தூங்க விடாதீர்கள், கழுத்தில் சுற்றிக்கொள்ளும்.

ஓலைத் தொப்பி: ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். உலர்ந்த துணியால் துடைத்து, காற்றாட ஆணியில் மாட்டுங்கள். வளைந்துபோனால் லேசாகத் தண்ணீர் தெளித்து, வாகான பாத்திரத்தின்மேல் கவிழ்த்தால் நிமிரும். மேலே சுமை வைத்தால் ஓலை முறியும்.

ஹெல்மெட்: 2015 ஜூலை 1 முதல் நம் மாநிலத்தில் பின்னால் உட்காருகிறவர்களுக்கும் இது கட்டாயம். கறை போக்குகிறேன் என்று பெட்ரோல், தின்னர் தொடாதீர்கள். உள்ளே இருக்கும் தெர்மாகோல் கரைந்துவிடும். உள்துணியைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து நிழலில் காயவிட்டால் போதும். விபத்தில் ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட், வெளியே கீறல் இல்லாவிட்டாலும், மறுமுறை காப்பாற்றாது. "பார்க்க நல்லாத்தானே இருக்கு" என்று பிள்ளைகளிடம் கொடுத்துவிடாதீர்கள்.

உங்கள் ஊர்ப் பக்குவம் வேறு இருந்தால் எழுதுங்கள். அடுத்த முறை குடைகளைப் பார்ப்போம்.