அவ்வாவின் சொற்களை யார் எழுதுவது?

மொழி என்றவுடன் நம் நினைவுக்கு வருவது இலக்கணப் புத்தகமும் தேர்வும்தான். ஆனால் புத்தகமே இல்லாத மொழிகளும் உலகில் உண்டு. அவற்றுக்கு இலக்கணம், அகராதி, பள்ளிக்கூடம் எல்லாமே ஒரு கிழவியின் நாக்குதான் என்றால் நம்புவீர்களா?

அந்தமான் தீவில் போவா என்ற மூதாட்டி இருந்தார். 'போ' என்னும் மொழியை அறிந்த கடைசி மனுஷி அவரே. பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் பறவைகளோடு தம் மொழியில் பேசுவாராம்! 2010 ஜனவரியில், ஏறக்குறைய 85 வயதில், அவர் கண்ணை மூடினார். அன்றோடு அந்த மொழியைப் பேச உலகில் எவருமில்லை. நல்ல வேளையாக, டில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகப் பேராசிரியை அன்விதா அபி முன்பே அவரருகில் அமர்ந்து பேச்சையும் பாட்டையும் பதிவு செய்திருந்தார். அதனால்தான் அந்த மொழியைப் பற்றி இன்று நமக்குக் கொஞ்சமாவது தெரிகிறது.

அந்தமான் தொலைதூரம் என்பீர்கள். நீலகிரி நம் மாநிலம்தானே? 1935 முதல் 1938 வரை எமனோ என்ற அறிஞர் இந்தியாவில் தங்கி, நீலகிரியில் தோடர், கோத்தர் பேச்சைக் காதால் கேட்டுக் கேட்டு எழுதினார். பின்னர் பரோ என்பவருடன் சேர்ந்து 1961-இல் அவர் வெளியிட்ட திராவிட மொழிகளின் சொற்பிறப்பு அகராதியில் தமிழுக்குப் பக்கத்திலேயே இந்த மலைமொழிகளும் உட்கார்ந்திருக்கின்றன. நம் 'கண்' கோத்தருக்கும் 'கண்'தான், தோடருக்கு 'கொண்'. 2011 கணக்கெடுப்பில் தோடர்கள் சுமார் 2000 பேரே. அன்று எழுதாமல் விட்டிருந்தால் நமக்கு இப்படி ஓர் உறவு இருப்பதே தெரியாமல் போயிருக்கும்.

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

நாங்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். எங்கள் முன்னோர் இந்தக் கரிசல் மண்ணுக்கு வந்து பல தலைமுறை ஆகிவிட்டது. தெலுங்கில் ஓர் எழுத்துக்கூட எங்களுக்குத் தெரியாது. நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது ஒரு நாள் அவ்வா (அதாவது என் பாட்டி) தூக்குவாளியோடு பள்ளி வாசலுக்கு வந்து, "கூடு மறந்துட்டு வந்துட்டியே" என்பதைத் தெலுங்கில் உரக்கச் சொன்னார். தோழிகள் சிரித்தார்கள். நான் அவருக்குத் தமிழில் பதில் சொல்லி, வாளியை வெடுக்கென்று வாங்கிக்கொண்டு ஓடிவிட்டேன். அன்று முதல் அவ்வா என்னோடு தமிழிலேயே பேசத் தொடங்கினார். கோபத்தால் அல்ல. என் மானத்தைக் காப்பாற்ற!

'கூடு' என்றால் சோறு. ஆந்திராவிலிருந்து வந்த உறவினர் ஒருவரும் அந்தச் சொல்லுக்காகச் சிரித்தார். உண்மையில் அது பழைய தெலுங்குச் சொல். அங்கே நாகரிகமானவர்கள் விட்டுவிட்டதை எங்கள் அவ்வா விடவில்லை, அவ்வளவுதான். தெலுங்கு கோடிக்கணக்கானோர் பேசும் மொழி. அது போவின் நிலையில் இல்லை என்பதை நான் அறிவேன். ஆனால் எங்கள் கரிசல் காட்டுத் தெலுங்கு எந்தப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது?

"வேலைக்கு உதவாத மொழி எதற்கம்மா? இங்கிலீஷைப் படி" என்கிறார் நைனா. தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசு ஆலைக்கும் பிள்ளைகள் போகக் கூடாது என்று கவலைப்படும் பெற்றோரின் பேச்சு அது. அதை நான் குறை கூற மாட்டேன். ஆனால் ஆங்கிலம் படிப்பதற்கு அவ்வாவை ஊமையாக்க வேண்டுமா? மனித மூளை என்ன ஒரே பாஷை கொள்ளும் தூக்குவாளியா?

இடைசெவலைச் சேர்ந்த கி. ராஜநாராயணனை நினைத்துப் பாருங்கள். அவர் வீட்டு மொழியும் தெலுங்கே. விவசாயி, கல்லூரி வாசலை மிதிக்காதவர். 1982-இல் கரிசல் வட்டாரத் தமிழுக்கு ஓர் அகராதி கொண்டுவந்துவிட்டார்! பட்டம் பெற்றவர்கள்தான் சொல் சேர்க்க வேண்டும் என்ற நினைப்பு அதோடு என்னை விட்டுப் போயிற்று.

சென்ற கோடை விடுமுறையில் 80 பக்க நோட்டு ஒன்று வாங்கி, அவ்வாவிடம் உட்கார்ந்தேன். முதல் நாளே தகராறு. தெலுங்கில் கோயிலுக்குப் பெயர் 'குடி'. முதல் எழுத்தை 'கங்கை'யின் இரண்டாம் 'க' போல ஒலிக்க வேண்டும். தமிழில் எழுதிப் படித்தால் கோயில் சாராயக்கடை ஆகிவிடுகிறது! அதனால் அப்படிப்பட்ட எழுத்துகளின் கீழே கோடு போடுகிறேன். நைனாவின் செல்போனில் அவ்வாவின் குரலையும் பதிகிறேன். இதுவரை 140 சொற்கள். மாட்டுக்கு வரும் நோய்கள், மேகத்தின் வகைகள், தாலாட்டில் பாதி. மீதிப் பாதி அவ்வாவுக்கே மறந்துவிட்டது. அவருடைய அக்காவுக்குத் தெரியுமாம். அவர் போன ஆண்டு காலமாகிவிட்டார்.

நம் வகுப்பிலேயே கன்னடம் பேசும் வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். மதுரையிலிருந்து வரும் தோழி வீட்டில் சௌராஷ்டிரம். மலையாளம் பேசும் சிஸ்டர்களும் இருக்கிறார்கள். எனவே தலைமையாசிரியை சிஸ்டர் அவர்களுக்கு என் பணிவான வேண்டுகோள்: அடுத்த ஆண்டு மலரில் 'வீட்டுச் சொற்கள்' என்று இரண்டு பக்கம் ஒதுக்கித் தாருங்கள். ஒவ்வொருத்தியும் தன் பாட்டியிடம் கேட்டு ஐந்து சொல் எழுதட்டும். முதல் சொல்லாக நான் 'கூடு' தருகிறேன்.