ஏடும் கைபேசியும்: படியெடுப்பவர்களிடம் கற்க வேண்டியவை

இலக்கியம் பேசும் இடத்தில் கைபேசியின் மென்பொருளை மாற்றுவது பற்றி என்ன பேச்சு என்று வாசக நண்பர்கள் முகம் சுளிக்கக்கூடும். அதற்கு முன் ஒன்றை எண்ணிப் பார்க்கக் கேட்டுக்கொள்கிறோம். இன்று தமிழில் எழுதுகிறவர்களில் கணிசமானோரின் முதற்பிரதி எங்கே இருக்கிறது? பேருந்தில் அமர்ந்து கட்டைவிரலால் தட்டிய கவிதை, சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு பாட்டியிடம் கேட்டுப் பதிந்த ஒப்பாரி, நண்பருக்கு நள்ளிரவில் அனுப்பிய நீண்ட கடிதம், கோயில் கல்வெட்டின் புகைப்படம் எல்லாமே உள்ளங்கை அளவுள்ள ஒரு கண்ணாடிப் பலகைக்குள் அடைந்து கிடக்கின்றன. அதுதான் நம் காலத்து ஓலைச்சுவடி. ஓலைக்கு இருந்த ஆயுள்கூட அதற்கு இல்லை.

இந்த ஆபத்தை நன்கு உணர்ந்து, அதற்கென்று ஓர் ஒழுக்கத்தையும் வகுத்துக்கொண்ட ஒரு கூட்டம் உண்டு. அவர்கள் எழுத்தாளர்கள் அல்லர். தம் கைபேசியில் நிறுவனம் வைத்துத் தந்த இயங்குதளத்தை நீக்கிவிட்டு, தன்னார்வலர்கள் உருவாக்கிய வேறொன்றை நிறுவிக்கொள்பவர்கள். அவர்கள் மொழியில் இது ‘கஸ்டம் ரோம்’. 2009இல் தொடங்கிய சயனோஜென்மாட் இவ்வகையில் பெரும்புகழ் பெற்றது. 2016 டிசம்பரில் அதற்குப் பின்னாலிருந்த நிறுவனம் கைவிட்டபோது, அதே நிரலை எடுத்துக்கொண்டு தன்னார்வலர்கள் லினியேஜ் ஓஎஸ் என்ற பெயரில் தொடர்ந்தனர். நிறுவனம் புதுப்பிப்புகளை நிறுத்திய கைபேசிக்கு மேலும் சில ஆண்டுகள் உயிர் கொடுப்பதே இதன் முதற்பயன். புதுக் கைபேசி வாங்க வசதியில்லாத மாணவருக்கு இது சின்ன விஷயமல்ல.

தமிழ் வாசகருக்கு இதில் பழைய உறவும் ஒன்று உண்டு. ஆண்ட்ராய்டின் 2.3 பதிப்பு வரை பெரும்பாலான கைபேசிகளில் தமிழ் வெறும் கட்டங்களாகவே தெரிந்தது. எழுத்து தெரிந்தாலும் கொம்பும் காலும் இடம்மாறி நின்றன. தாய்மொழியில் ஒரு பத்தி படிப்பதற்காகவே கைபேசியின் உள்ளமைப்பில் கைவைத்துத் தமிழ் எழுத்துருவைச் சேர்த்தவர்கள் உண்டு. ‘எனக்கு வேண்டிய மொழியில் என் கருவி பேச வேண்டும்’ என்ற அந்தப் பிடிவாதத்தை வெறும் தொழில்நுட்ப விளையாட்டு என்று ஒதுக்க எங்களால் முடியவில்லை.

இனி அந்த ஒழுக்கத்துக்கு வருவோம். வேற்று மென்பொருளை நிறுவ முதலில் ‘பூட்லோடர்’ என்னும் தலைவாசற் பூட்டைத் திறக்க வேண்டும். திறந்த கணமே கைபேசிக்குள் நாம் சேர்த்த அனைத்தும் அழிக்கப்படும். இது பிழையன்று, திட்டமிட்டே செய்யப்பட்ட ஏற்பாடு. கைபேசியைத் திருடியவன் பூட்டை மாற்றிவிட்டு உள்ளிருப்பதைப் படித்துவிடக் கூடாதல்லவா? ஆகவே இந்தக் காரியத்தில் இறங்குகிற எவரும் தொடங்கும் முன்பே, ‘எல்லாம் போகப் போகிறது, எதை எடுத்துக்கொள்வது?’ என்று தம்மைக் கேட்டுக்கொண்டே ஆக வேண்டும். நம் இலக்கியவாதிகள் வாழ்நாளில் ஒருமுறையும் கேட்டுக்கொள்ளாத கேள்வி அது.

அடுத்தது, எடுத்த பிரதிக்குள் எது இருக்கிறது, எது இல்லை என்று அறிந்திருத்தல். டி.டபிள்யூ.ஆர்.பி. போன்ற மீட்புக் கருவிகள் கைபேசியின் பகுதிகளை அப்படியே படியெடுக்கும். ஆனால் ‘டேட்டா’ என்று பெயரிட்ட அந்தப் பிரதியில் உள்நினைவகத்தின் புகைப்படங்களும் ஒலிப்பதிவுகளும் சேராது. அவற்றைத் தனியே கணினிக்கு மாற்ற வேண்டும். பெயரை நம்பி, பெட்டியைத் திறந்து பாராதவர் பாட்டியின் ஒப்பாரியை இழப்பார். கைபேசியின் அடையாள எண்ணும் அலைவரிசை அளவீடுகளும் தங்கியிருக்கும் ஒரு சிறு பகுதியும் உண்டு. சில தயாரிப்புகளில் அதற்கு இ.எஃப்.எஸ். என்று பெயர். அது சிதைந்தால் கைபேசி எந்தக் கோபுரத்தோடும் பேசாது. அளவில் மிகச் சிறியதான அதைத்தான் விவரமறிந்தவர்கள் முதலில் படியெடுக்கிறார்கள்.

மூன்றாவது, பிரதியோடு சாவியையும் காத்தல். அண்மைக்காலக் கைபேசிகள் தரவை மறைகுறியாக்கியே வைக்கின்றன. திறப்பதற்கான சாவி அந்தக் கருவியின் வன்பொருளோடு பிணைந்தது. மறைகுறியை அவிழ்க்காமல் எடுத்த பிரதி, கைபேசியை ஒருமுறை அழித்துவிட்டால் வெறும் இரைச்சல். லினியேஜிலுள்ள சீட்வால்ட் என்ற காப்புக் கருவி பன்னிரண்டு சொற்களைத் தந்து எழுதி வைத்துக்கொள்ளச் சொல்கிறது. வாட்ஸப்பில் முழு மறைகுறியாக்கம் செய்த காப்புப் பிரதிக்குக் கடவுச்சொல், 64 இலக்கச் சாவி போன்ற ஏதேனும் ஒன்று தேவை. அந்தச் சொற்களைத் தாளில் எழுதிப் பத்திரப்படுத்தாதவரிடம் பிரதி இருந்தும் பயனில்லை. இத்தனை மின்னணுச் சாகசத்துக்கும் இறுதிக் காவல் ஒரு துண்டுத் தாள்தான் என்பது எங்களுக்குப் பிடித்த முரண்.

நான்காவதுதான் தலையானது. மீட்டுப் பார்க்காத பிரதியைப் பிரதி என்று எண்ணாதிருத்தல். ஒரு கோப்பு இருப்பதும் அது திறப்பதும் ஒன்றல்ல. பழைய அமைப்பின் செயலித் தரவை முழுதாகப் புதிய அமைப்பில் கொட்டினால் கைபேசி ஓயாமல் தொடங்கித் தொடங்கி அணையும். பழைய பாத்திரத்தை விட்டுவிட்டு உள்ளிருக்கும் பண்டத்தை மட்டும் எடுத்துச் செல்லும் பக்குவம் வேண்டும்.

இதையெல்லாம் நெல்லைச் சீமைக்காரர்களிடம் ஏன் குறிப்பாகச் சொல்கிறோம்? பிரதிகள் பிழைத்ததற்கும் அழிந்ததற்கும் தாமிரபரணிக் கரையைப் போலச் சாட்சி சொல்லும் நிலம் வேறில்லை. பத்துப்பாட்டுக்கு நல்ல சுவடி தேடி உ.வே. சாமிநாதையர் இங்கே வந்தார். திருநெல்வேலித் தெற்குப் புதுத்தெருவிலும் ஆழ்வார்திருநகரியிலும் கவிராயர் வீடுகளின் ஏடுகளைப் பிரித்துப் பார்த்தார். ஆழ்வார்திருநகரியில் லட்சுமண கவிராயரின் உதவியால் கிடைத்த சுவடி 1889இல் வெளிவந்த பத்துப்பாட்டுப் பதிப்புக்குத் துணை நின்றது. அதே பயணங்களில், ஆடிப்பெருக்கன்று ஏடுகளை ஆற்றில் விட்டுவிட்ட கதையையும் கேட்க நேர்ந்தது. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த சுவடிகள் நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இடப்பட்டன என்று அறிந்து அவர் பதைத்ததை ‘என் சரித்திர’த்தில் காணலாம்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. ஏடுகளை ஆற்றில் விட்டவர்கள் தமிழின் பகைவர்கள் அல்லர். பழைய ஏட்டைப் பெயர்த்தெழுதிய பின் மூலத்தை நீருக்கோ நெருப்புக்கோ கொடுப்பது என்பதே வழக்கத்தின் உட்பொருளாக இருந்திருக்க வேண்டும் என்று எண்ணுகிறோம். படியெடுக்கும் கை ஓய்ந்த பிறகும் சடங்கு மட்டும் ஓயவில்லை. அழிவு அங்கே தொடங்கியது. படியெடுக்காமலே ‘ரீசெட்’ பொத்தானை அழுத்துகிற நம் காலத்து அவசரம் இதிலிருந்து எவ்வகையில் வேறுபட்டது?

ஐயர் செய்ததையும் இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். புள்ளியில்லாத எழுத்து, குறிலும் நெடிலும் மயங்கும் கொம்பு, எங்கே சொல் முடிகிறதென்று காட்டாத வரி. இவற்றை அப்படியே அச்சுக்குக் கொண்டுபோயிருந்தால் எவரும் படித்திருக்க முடியாது. அவர் நூலை மீட்டார். ஓலையின் அமைப்பை அச்சில் திணிக்கவில்லை. பாத்திரமும் பண்டமும் வேறு என்ற பாடம் அவருக்குத் தெரிந்திருந்தது. நம் தலைமுறையில் அது தெரியாமல் போனதற்கும் சான்று உண்டு. பாமினியிலும் டிஸ்கியிலும் தட்டிய கோப்புகள் பலரிடம் குறுந்தகடுகளில் பத்திரமாக இருக்கின்றன, திறந்தால் கிறுக்கல். ஒருங்குறிக்கு மாற்றும் வழி இருந்தும் மாற்றாமல் விட்டோம்.

ஆற்றுக்கு வருவோம். 1992 நவம்பர் வெள்ளத்தைக் கண்டவர்கள் இனி அப்படியொன்று வராது என்றே எண்ணியிருப்பார்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் திருச்செந்தூர் விரைவு ரயில் பயணிகளோடு நின்றுபோனது. நெல்லைச் சந்திப்பைச் சுற்றியுள்ள தெருக்களில் தண்ணீர் புகுந்தது. பல ஊர்களில் மின்சாரமும் கைபேசித் தொடர்பும் அற்றுப்போயின. ஒரே வீட்டில் மேசைமேல் கணினியும் அலமாரியில் வன்தட்டும் சட்டைப்பையில் கைபேசியும் வைத்திருந்தவரிடம் மூன்று பிரதிகள் இருந்தன என்று சொல்ல முடியுமா? வெள்ளத்துக்கு அவை ஒரே பிரதிதான். மூன்று பிரதிகள், இருவகை ஊடகங்கள், அவற்றில் ஒன்று வேறிடத்தில் என்று இத்துறையினர் ஒரு சூத்திரம் சொல்வதுண்டு. ‘சென்னையில் தம்பி வீட்டில் ஒன்று இருக்கிறது’ என்று நிம்மதி அடைபவர், அதே டிசம்பரின் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்ததையும் நினைவில் கொள்ளட்டும். வேறிடம் என்பது வேறு முகவரி மட்டுமன்று, வேறு ஆபத்து.

‘எல்லாம் மேகத்தில் பத்திரமாக இருக்கிறதே’ என்பது அடுத்த சமாதானம். மேகத்தை நாங்கள் பழிக்கவில்லை. வெள்ளத்துக்கு எட்டாத ஒரு பிரதியாக அது நல்லதுதான். ஆனால் அந்தப் பெட்டகத்தின் உடைமையாளர் நாமல்லர். யாஹூ குழுமங்கள் 2020 டிசம்பரில் முற்றாக மூடப்பட்டன. இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் அங்கே நடந்த தமிழ் விவாதங்கள், நேரத்தோடு இறக்கி வைத்துக்கொண்டவர்களிடம் மட்டுமே தங்கின. இரண்டாண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கக்கூடும் என்று கூகிள் 2023இல் அறிவித்தது. ஓர் எழுத்தாளர் மறைந்து இரண்டாண்டு கழித்துக் குடும்பத்தார் மனம் தேறிக் கையெழுத்துப்படிகளைத் தேடும்போது பெட்டகமே இல்லாமல் போகலாம் என்பதே இதன் பொருள்.

நெல்லை தந்த எழுத்தாளர்களில் புதுமைப்பித்தனையே எடுத்துக்கொள்வோம். 1948இல் அவர் மறைந்து அரை நூற்றாண்டு கழித்து, 2000இல் ஆ.இரா. வேங்கடாசலபதியின் செம்பதிப்பு வந்தது. பழைய இதழ்களும் நூல்களும் தாளில் பிழைத்திருந்ததால்தான் பாடங்களை ஒப்பிட முடிந்தது. முதல் வெளியீட்டின் காலத்தைத் தேடிக் குறிக்க முடிந்தது. இன்று கைபேசியில் எழுதும் ஒருவருக்கு 2075இல் செம்பதிப்புக் கொண்டுவர விரும்புகிறவருக்கு என்ன கிடைக்கும்? கடவெண் தெரியாத, மின்கலம் உப்பிய ஒரு கருவி. திறக்க முடியாத பெட்டியைக் கரையான் அரித்த ஏட்டைவிட மேலானது என்று எப்படிச் சொல்வது? அரித்த ஏட்டிலாவது பாதி வரி தெரியும்.

ஆகவே எல்லோரும் கஸ்டம் ரோம் நிறுவுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. உத்தரவாதம் போகலாம், வங்கிச் செயலிகள் இயங்க மறுக்கலாம், தவறான கோப்பை ஏற்றினால் கைபேசி செங்கல்லாகலாம். பழைய கைபேசி ஒன்று சும்மா கிடந்தால் அதில் முயன்று பார்க்கலாம். எங்கள் வாதம் வேறு. நிறுவாவிட்டாலும், நாளை நிறுவப் போகிறவரைப் போல ஒருநாள் இருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, ‘இன்று மாலை இதெல்லாம் அழியப்போகிறது’ என்று எண்ணிக்கொண்டு உட்காருங்கள். எழுத்துகளை எந்தச் செயலியையும் சாராத எளிய ஒருங்குறிக் கோப்புகளாக வெளியே எடுங்கள். ஒலிப்பதிவுக்குப் பாடியவர், ஊர், நாள் குறித்துப் பெயரிடுங்கள். ஏட்டின் கடைசியில் எழுதியவர் பெயரும் நாளும் பொறித்த மரபுதானே அது. முடித்த பின் வேறொரு கருவியில் திறந்து, நான்கு வரி வாசித்துப் பாருங்கள். சாவிச் சொற்களைத் தாளில் எழுதி, நம்பிக்கையான ஒருவரிடம் கொடுங்கள்.

நாள் குறிக்க வேண்டுமானால் ஆடிப்பதினெட்டையே பரிந்துரைக்கிறோம். ஏடுகளை ஆற்றில் விட்ட அந்த நாளிலேயே, விடுவதற்கு முன் செய்திருக்க வேண்டியதை நாம் செய்யலாம். கருவியை ஆறு கொண்டுபோனாலும் எழுத்து கரையில் நிற்கும்.