பீஸே போகாத பீஸ்

"இனிமே பீஸே போகாதுண்ணே" என்று சிரித்துக்கொண்டே சொன்னார் எலெக்ட்ரீஷியன் தம்பி. எனக்கு வயிற்றைக் கலக்கியது. மரம் செதுக்க வீட்டில் வைத்திருக்கும் சின்ன சி.என்.சி. மெஷினில் 3 ஆம்பியர் கண்ணாடி ஃபியூஸ் போயிருந்தது. ஏன் போனது என்று அவர் பார்க்கவில்லை. வயரிலிருந்து செம்பு இழைகளை உருவினார், போன ஃபியூஸின் மேலேயே சுற்றினார், திரும்ப மாட்டிவிட்டார். 0.3 மில்லிமீட்டர் செம்பு இழை ஒன்றே உருகுவதற்கு ஏறக்குறைய 13 ஆம்பியர் வேண்டும். அவர் சுற்றியதோ மூன்று இழை. அது உருகுவதற்குள் உள்ளே இருக்கும் மெல்லிய ஒயர் உருகி, பக்கத்துப் பலகையும் பற்றிக்கொள்ளும்.

அவரை மட்டும் திட்டி என்ன பயன்? சரியான ஃபியூஸ் எங்கள் ஏற்காட்டில் கிடைப்பதில்லை. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலத்துக்குப் போனால், "டி-யா, எஃப்-ஆ? எல்லாம் ஒண்ணுதாங்க" என்கிறார் கடைக்காரர். ஒன்றில்லை ஐயா! மெஷினுக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். என்ற பவர் சப்ளையின் சுவிட்சைப் போட்டதும் உள்ளிருக்கும் கெப்பாசிட்டர்கள் ஒரு கணம் மடமடவென்று கரண்டை இழுக்கும். அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் மெதுவாக உருகும் டி வகை. வேகமாக உருகும் எஃப் வகையைப் போட்டால் ஒரு கோளாறும் இல்லாமலே அடிக்கடி போகும். அடிக்கடி போனால் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்? உடனே செம்பு இழை வந்துவிடுகிறது.

படித்த பிள்ளைகள் செய்வது இன்னொரு கூத்து. மோட்டருக்குப் போகும் நாலு ஒயரில்தான் ஃபியூஸ் வைக்கிறார்கள். ஸ்டெப்பர் மோட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த ஒயர் எங்கே அறுந்தாலும், சுருளில் தேங்கிய சக்தி வோல்டேஜாக எகிறி, மோட்டரை ஓட்டும் டிரைவர் சிப்பைக் கொன்றுவிடும். ஏ4988 போன்ற சிப் 35 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. கரண்ட் இருக்கும்போது மோட்டர் பிளக்கைப் பிடுங்குவதும், அதிர்வில் கனெக்டர் கழன்று ஆடுவதும் இதே கதைதான். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடம் 24 வோல்ட் சப்ளைக்கும் டிரைவருக்கும் நடுவில், டிரைவருக்கு ஒன்றாக. மோட்டரின் மேல் எழுதியிருக்கும் ஆம்பியரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் டிரைவர் சப்ளையிலிருந்து இழுப்பது அபூர்வம். அதையொட்டி ஃபியூஸ் போட்டால் போதும்.

போட்ட பிறகும், "அப்படியும் டிரைவர் போயிடுச்சே, ஃபியூஸ் எதுக்கு?" என்று கேட்கிறார்கள். சிப் சாகக் கண் இமைக்கும் நேரம்கூட ஆகாது. அதற்கு முன்னால் எந்த ஃபியூஸும் உருகாது. அது காப்பது ஒயரை, வீட்டை, உள்ளே தூங்குகிறவர்களை.

எர்த் விஷயத்துக்கு வந்தால் இன்னும் எரிச்சல். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் இரும்புக் கூட்டுக்கு எர்த் கட்டாயம். இங்கேயோ மூன்று முனை பிளக்கின் பெரிய முனையை ஒடித்துவிட்டு இரண்டு ஓட்டை சாக்கெட்டில் சொருகுகிறார்கள். எர்த் இருந்தாலும், ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை சார்னகைட் பாறை. குழி தோண்டினால் கடப்பாரைதான் வளைகிறது. எர்த் தடை 50 ஓம் என்று வையுங்கள். 230 வோல்ட் கசிந்தாலும் ஓடுவது 4.6 ஆம்பியர்தான். 16 ஆம்பியர் எம்.சி.பி. அசையாது, கூட்டைத் தொட்டவர்தான் அசைவார். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரண்டைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. மலை வீட்டுக்கு ஆடம்பரம் இல்லை. கோடை இடிக்கு ஃபியூஸும் உதவாது, ஆர்.சி.சி.பி.யும் உதவாது. வானம் இருட்டினால் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள்.

இன்னும் ஒன்று. பல எஸ்.எம்.பி.எஸ்.களின் பக்கவாட்டில் குட்டியாக 115/230 என்று ஒரு சுவிட்ச் இருக்கும். சில 115-இலேயே வந்து இறங்குகின்றன. பார்க்காமல் நம் 230-ஐக் கொடுத்தால் வெடிச்சத்தம்தான். ஒயர் முனையில் ஈயம் வைத்து ஸ்க்ரூவில் இறுக்குவதும் வேண்டாம். ஈயம் நாளடைவில் நசுங்கி, இணைப்பு தளர்ந்து, சூடாகிறது.

கடைக்காரர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். டிரைவர் கேட்டு வருகிறவரிடம் ஒரு ஃபியூஸ் ஹோல்டரையும் அதற்கேற்ற ஃபியூஸ் நாலையும் சேர்த்தே கட்டிக் கொடுங்கள். காசு கூடுதலாக வாங்கிக்கொண்டாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன்.